பட்டன் போனில் இருக்கும் இரண்டு பூட்டுகள்

குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குச் செல்வோரிடையே, 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 போன்ற பழைய பட்டன் போனைப் பாலித்தீன் உறையில் சுற்றி மடியில் செருகிச் செல்பவர்கள் இன்றும் உண்டு. அதில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பின் (PIN) எண் என்ற ரகசிய எண் சிம் கார்டுக்கு உரியது. அதை மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் முடங்கி, முடக்கத்தை நீக்கும் எட்டு இலக்கப் பியூக் (PUK) எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அழுத்தினால் அந்தச் சிம் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும் என்பதால், ஊகித்துப் பார்க்காமல், அடையாளச் சான்றுடன் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள, சிம் நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகுவதே நல்லது. பாதுகாப்புக் குறியீடு போனுக்கு உரியது. வேறு சிம்மைப் போட்டால் அதைக் கேட்குமாறு அமைப்புகளில் மாற்றி வைக்கலாம். ஆனால் தொழிற்சாலையிலிருந்தே வரும் 12345 என்ற எண்ணை அப்படியே விட்டால் அதைப் பூட்டு என்று சொல்வதற்கில்லை. திருடனுக்கும் அது தெரியும். கீபேட் லாக், மடியில் இருக்கும்போது தானாக அழைப்பு போவதைத் தடுக்கும், அவ்வளவுதான். *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்துவிட்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கக் கோருவதற்கு அந்த எண் தேவைப்படும்.