அரசியலும் அதைத் தாண்டியும்: நேர்காணல் பாட்காஸ்ட் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

கட்சிப் பேச்சாளர் ஒருவரை உட்கார வைத்து, "இன்றைய அரசியல் சூழலை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், முந்தின நாள் டிவி விவாதத்தில் சொன்னதையே வார்த்தை மாறாமல் ஒப்பித்துவிட்டுப் போவார். அதற்குத் தனியாக ஒரு பாட்காஸ்ட் எதற்கு? புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் என்ன மைக் வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது அரை நாளில் முடிகிற வேலை. யாரிடம் பேசுவது, எந்த முனையில் பேச்சைத் தொடங்குவது என்பதில்தான் பாடே இருக்கிறது. அதனால் இந்தப் பதிவிலும் அதற்குத்தான் இடம் அதிகம்.

படி 1: களத்தைச் சுருக்குங்கள்

"அரசியல், சினிமா, சமூகம், வாழ்க்கை" என்று போர்டு மாட்டினால் யார் மனதிலும் நிற்காது. ஒரு மாவட்டம், ஒரு மாநகராட்சி, அல்லது நீர், பள்ளிக்கல்வி, போக்குவரத்து மாதிரி ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியில் மட்டும் 200 வார்டுகள். வாரம் ஒரு வார்டு என்று போனாலே நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வண்டி ஓடும்.

பிற ஆர்வங்களுக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம். அவற்றை விருந்தினரே கொண்டுவருவார். நான் சொல்லும் விதி இதுதான்: ஒவ்வொருவரிடமும் இரண்டு இழைகளைப் பிடியுங்கள். ஒன்று, அவர் வகிக்கும் பொறுப்பு. இன்னொன்று, அவர் கைப்பழக்கமாக அறிந்த விஷயம். பேச்சை இரண்டாவதில் தொடங்குங்கள்.

சிவகங்கைப் பக்கத்து முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். "உங்கள் ஊர்க் கண்மாயில் எத்தனை மடை? திறந்துவிடுவது யார்?" என்று கேளுங்கள். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்பாய்ச்சி பற்றிச் சொல்வார். அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள், இப்போது ஏன் ஆள் கிடைப்பதில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போகாதபோது யார் சண்டைக்கு வந்தார்கள் என்று பேச்சு நீளும். ஊரார் பங்கேற்போடு ஏரி, கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017இல் மறுபடி தொடங்கியதே, அந்த வேலையில் அந்தக் கண்மாய் இருந்ததா, கரை எவ்வளவு உயர்ந்தது, ஆக்கிரமிப்பு என்ன ஆனது என்று பத்து நிமிடத்தில் முழு அரசியலுக்குள் வந்துவிடுவீர்கள். கட்சிப் பெயரே இன்னும் வந்திருக்காது.

படி 2: ஆளைப் பிடிப்பது

சட்டமன்றத்தில் 234 பேர். அவர்களில் ஒருவரைப் பிடிக்க உதவியாளர் வழியாக வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். முதல் பத்து எபிசோடுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். பதவி முடிந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. ஐந்து வருட அனுபவத்தோடு அத்தனை பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், நீதிமன்ற நிருபர், தொழிற்சங்கக்காரர் என்று பட்டியல் நீளும்.

ஒரு விஷயம். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தலைவர் நம்பருக்குப் போன் போட்டால் சில ஊர்களில் எடுப்பது கணவர். "என்ன வேணும், எங்கிட்ட சொல்லுங்க" என்பார். சண்டை போடாதீர்கள். "சரிங்கண்ணே, மேடம்கிட்ட பேட்டி எடுக்கணும், அவங்க குரல்லதான் வேணும்" என்று பணிவாகச் சொல்லுங்கள். ரெக்கார்டிங் அன்று கேட்பவர், பதில் சொல்பவர் இருவரைத் தவிர அறையில் யாரும் இருக்கக்கூடாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் மைக் மீது பழியைப் போடலாம்: கூட ஆள் இருந்தால் சத்தம் பிடிக்கும்.

படி 3: வீட்டுப்பாடம்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர் என்றால் அவர் தாக்கல் செய்த படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள், கல்வித்தகுதி எல்லாம் அதில் உண்டு. இரண்டு தேர்தல்களில் நின்றவர் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரசு அலுவலகத் தகவல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் ஒரு மாதம் முன்பே யோசியுங்கள்.

எட்டுக் கேள்வி எழுதிக்கொள்ளுங்கள், கேட்பதற்கு ஐந்து போதும். "வடிகால் பணிகள் எப்படிப் போகின்றன?" என்று கவுன்சிலரிடம் கேட்டால் "நல்லபடியா போயிட்டிருக்கு" என்பதோடு முடிந்தது. "மழை பெய்தால் உங்கள் வார்டில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும்? அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு முதலில் போன் போடுவது யார்?" என்று கேளுங்கள். தெருப் பெயர் வந்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒப்பந்ததாரர், மதிப்பீடு, தாமதம் எல்லாம் வரிசையாக வரும். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று நொடி சும்மா இருங்கள். பலர் அந்த மௌனத்தை நிரப்பத்தான் உண்மையைச் சொல்கிறார்கள்.

படி 4: ரெக்கார்டிங்

ஆளுக்கொரு காலர் மைக், ஆளுக்கொரு போன். இது போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. துணி நிறைந்த பீரோ இருக்கும் படுக்கையறைதான் எதிரொலி குறைந்த இடம். சமையல் முடிந்த நேரமாகப் பாருங்கள், குக்கர் விசிலை எடிட்டிங்கில் எடுக்க முடியாது. இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் ஒரு தடவை கைதட்டுங்கள். பிறகு இரண்டு ஒலியையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம்.

முதல் நிமிடத்திலேயே, "இது பதிவாகிறது, வெளியிடுவோம், சம்மதமா?" என்று கேட்டு அந்தப் பதிலையும் பதிவுசெய்யுங்கள். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று விருந்தினர் கேட்பதென்றால் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால்தான் கேட்க வேண்டும், சொன்ன பிறகு கேட்டால் செல்லாது என்பதையும் அங்கேயே தெளிவாக்குங்கள். வெளியூர்க்காரர் என்றால் ஜூம் போதும். ஒவ்வொருவர் ஒலியையும் தனிக் கோப்பாகப் பதியும் வசதியை செட்டிங்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: எடிட்டிங், வெளியீடு

ஒலியை எடிட் செய்யும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். இருமல், நீண்ட தடுமாற்றம், திரும்பச் சொன்னது ஆகியவற்றை வெட்டுங்கள். கேள்வியையும் பதிலையும் இடம் மாற்றி ஒட்டாதீர்கள். அரசியல் பேட்டியில் அது மோசடி. வெட்டாத மூலப் பதிவைப் பத்திரமாக வையுங்கள். ஒலி அளவை மைனஸ் 16 லஃப்ஸுக்கு (LUFS, காதில் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவாருங்கள். மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தால் ஒரு மணி நேரம் 29 எம்பிதான். வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்ட்டாக அனுப்பலாம்.

பாட்காஸ்ட் ஏற்றும் தளமான ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸில் இலவசமாக ஏற்றி, அது தரும் ஆர்எஸ்எஸ் ஃபீட் முகவரியை (புது எபிசோடுகளை மற்ற ஆப்களுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பு) ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் கொடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம். யூடியூபை விடாதீர்கள். தமிழில் பேட்டி தேடுகிறவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள், அதிலும் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். விவரக்குறிப்பில் விருந்தினர் பெயரையும் ஊரையும் இரண்டு எழுத்திலும் போடுங்கள்.

படி 6: வளர்ப்பது

தம்ப்நெயிலில் "அதிரடி", "கிழித்தெடுத்தார்", "கதறவிட்டார்" போட்டால் அன்றைக்குப் பார்வை கூடும், அடுத்த விருந்தினர் வரமாட்டார். பேட்டியையே தாங்கிப் பிடிக்கும் ஒரு வரியை, அவர் சொன்ன சொல்லிலேயே தலைப்பாக்குங்கள். ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்றை, எழுத்தோடு, விருந்தினருக்கே முதலில் அனுப்புங்கள். அவர் ஊர் குரூப், சாதிச் சங்க குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாவற்றிலும் அது தானாகப் போகும். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று யூடியூப் காட்டும் வரைபடத்தில் ஆட்கள் எந்த நிமிடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் உங்கள் நீண்ட முன்னுரையில்தான்.

ஒரு எபிசோடு பாதிக்கு மேல் ஓடியபின், "உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் நீங்கள் மதிக்கிற ஒருவர் பெயர் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த விருந்தினர் கிடைத்துவிட்டார், அதுவும் எதிர்முகாமிலிருந்து. "அண்ணன் உங்க பேரைச் சொன்னாரு" என்று போன் போட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.

படி 7: வம்பில் மாட்டாமல் இருக்க

ஊழல் குற்றச்சாட்டை விருந்தினர் பெயர் சொல்லிச் சொன்னால், அந்த இடத்திலேயே "இதற்கு ஆவணம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வெட்டுங்கள். இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போன் போட்டு அவர் பதிலையும் சேருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. பேசியவரோடு வெளியிட்டவரும் அதில் மாட்டுவார். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் தொடர்பாக எதையும் ஏற்றாதீர்கள்.

பணம் வர நாளாகும். கட்சிக்காரர் "செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்று முதலில் வருவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனை மாவு மில்லிலோ டியூஷன் சென்டரிலோ விளம்பரம் கேளுங்கள். யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் பெயரோடு சொல்லுங்கள்.