நிகர ஓட்ட வேகம்: பந்துகளை எண்ணிக் கணக்குப் போடுவது எப்படி?

சுற்றுப்போட்டியில் இரண்டு அணிகள் சம புள்ளிகளுடன் நின்றால், அடுத்த சுற்றுக்குப் போவது யார் என்பதைப் பெரும்பாலும் நெட் ரன் ரேட், அதாவது நிகர ஓட்ட வேகம்தான் தீர்மானிக்கும். கணக்கு சின்னது. ஓர் அணி தொடர் முழுவதும் எடுத்த மொத்த ஓட்டங்களை அது ஆடிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். அந்த அணிக்கு எதிராக எடுக்கப்பட்ட மொத்த ஓட்டங்களை அது வீசிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வேலை முடிந்தது. எத்தனை விக்கெட்டால் வென்றோம் என்பது இதில் எங்கும் வராது.

அதிகம் பிழை வரும் இடம் ஓவர்ப் புள்ளி. ஸ்கோர் அட்டையில் 37.1 என்று இருப்பது 37 ஓவரும் ஒரு பந்தும்; கல்குலேட்டரில் அதை 37.167 என்று அடிக்க வேண்டும். 37.4 என்றால் 37.667. இதற்குப் பாதுகாப்பான வழி, எல்லாவற்றையும் பந்தாக மாற்றி, ஓட்டங்களைப் பந்துகளால் வகுத்து 6ஆல் பெருக்குவது. வைட், நோ போலில் வரும் ஓட்டங்கள் சேரும். அந்தப் பந்துகள் எண்ணிக்கையில் சேராது.

அடுத்தது சகல விக்கெட்டுகளையும் இழந்த அணி. அது எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் தனக்குரிய முழு ஓவர்களையும் ஆடியதாகவே கணக்கு. 2023 ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவரில் 51 எடுத்தது. இறுதிப்போட்டிக்கு நிகர வேகம் தேவையில்லை, பயிற்சிக்காகப் போட்டுப் பார்க்கலாம். இலங்கையின் வேகம் 50ஐ 50ஆல் வகுத்து 1.00. 15.333ஆல் வகுத்து 3.26 என்று எழுதினால் பிழை. இந்தியாவுக்கு 51ஐ 6.167ஆல் வகுத்தால் 8.27. ஆக இலங்கைக்கு மறை 7.27. ஒரே ஒரு மோசமான நாள் ஒரு தொடரையே கவிழ்ப்பது இப்படித்தான்.

மூன்றாவது பிழை, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வேகம் கண்டுபிடித்துச் சராசரி எடுப்பது. அதே தொடரின் முதற்சுற்றில் இலங்கை, பங்களாதேஷின் 164ஐ 39 ஓவரில் 165 எடுத்துத் தாண்டியது. பிறகு ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 50 ஓவரில் 291 எடுத்து, அவர்களை 289க்குச் சுருட்டியது. தனித்தனியே பார்த்தால் 0.951, 0.040, சராசரி 0.495. சரியான விடை வேறு: 456ஐ 89ஆல் வகுத்ததிலிருந்து 453ஐ 100ஆல் வகுத்ததைக் கழித்தால் 0.594.

லாகூரில் செப்டெம்பர் 5ஆம் திகதி நடந்த அந்த ஆப்கானிஸ்தான் போட்டியைக் கணக்கெழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை தாமே போட்டுப் பார்க்க வேண்டும். 292 ஓட்டங்களை 37.1 ஓவருக்குள் எடுத்தால் ஆப்கானிஸ்தான் நிகர வேகத்தில் இலங்கையை முந்திவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 37 ஓவர் முடிவில் 289. அடுத்த பந்தில் முஜீப் ஆட்டமிழந்ததும் வாய்ப்புப் போயிற்று என்று நினைத்தார்கள். பரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்தாடி, 37.4இல் எல்பிடபிள்யூ ஆனார். மறுமுனையில் ரஷீத் கான் நின்றார்.

உண்மையில் வாய்ப்பு போகவில்லை. பங்களாதேஷுடனான போட்டியில் ஆப்கானிஸ்தான் 245 எடுத்து, 334 கொடுத்திருந்தது. எடுக்கும் ஓட்டங்களை இரண்டால் பெருக்கி 409ஐக் கூட்டுங்கள் (இந்த 245உம், இலங்கைக்கு எதிராகப் பங்களாதேஷ் எடுத்த 164உம் சேர்ந்தது). அதை 11.3736ஆல் வகுத்து 50ஐக் கழித்தால், எத்தனை ஓவருக்குள் முடிக்க வேண்டும் என்பது கிடைக்கும். அந்த 11.3736 என்பது ஆப்கானிஸ்தான் கொடுத்த வேகம் 6.25, இலங்கை எடுத்த வேகம் 5.1236 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இலக்கைத் துரத்தத் தொடங்கும்போதே இரண்டும் மாறாத எண்களாகிவிட்டன. 292 என்றால் விடை 37.307; அதற்குள் அடங்கும் கடைசிப் பந்து 37.1. 293க்கு 37.2, 294க்கு 37.3, 295க்கு 37.5, 296க்கு 38, 297க்கு 38.1. இலக்கைத் தாண்டும் ஒவ்வோர் ஓட்டமும் ஏறத்தாழ ஒரு பந்தை மேலதிகமாகத் தருகிறது. 297 எப்படி வரும்? 291இல் சமநிலையில் நின்று ஒரு ஆறு அடித்தால் வரும். 289இல் நின்றவர்களுக்கு 37.2இல் ஒரு நான்கு போதும், 37.4இல்கூட ஒரு ஆறு போதும். இந்தக் கணக்கு தங்களுக்குத் தரப்படவில்லை என்று பயிற்றுவிப்பாளர் ஜொனதன் ட்ரொட் பின்னர் சொன்னார். ஆகவே இலக்குக்கு மட்டும் ஓவர் கண்டுபிடித்து நிறுத்தாதீர்கள். இலக்கிலிருந்து மேலே ஐந்து ஓட்டங்கள் வரை அட்டவணை எழுதி, துரத்தத் தொடங்க முன்பே துடுப்பாட்டக்காரர் கையில் கொடுங்கள்.

கொழும்பில் ஆடினால் மழைக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழையால் ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வேர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறையில் இலக்கு மாறினால், முதலில் ஆடிய அணி உண்மையில் எடுத்த ஓட்டங்களைச் சேர்ப்பதில்லை. புதிய இலக்கில் ஒன்றைக் குறைத்து, இரண்டாவது அணிக்குக் கிடைத்த ஓவர்களில் அதை எடுத்ததாக எழுத வேண்டும். 2023 செப்டெம்பர் 14 கெத்தாராமவில் பாகிஸ்தான் 42 ஓவரில் 252 எடுத்தது, இலங்கைக்கு இலக்கும் 252. ஆகவே பாகிஸ்தானின் பக்கத்தில் 42 ஓவரில் 251 என்றே பதிய வேண்டும். முடிவில்லாமல் கைவிடப்பட்ட போட்டி இந்தக் கணக்கில் சேராது. சூப்பர் ஓவர் ஓட்டங்களும் அப்படியே.

பாடசாலை, கழகச் சுற்றுப்போட்டிகளை நடத்துபவர்கள் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் எடுத்த ஓட்டம், ஆடிய பந்து, கொடுத்த ஓட்டம், வீசிய பந்து என்ற நான்கு நிரல்களில் பதிந்து, இரு அணித்தலைவர்களிடமும் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் பழைய ஸ்கோர் புத்தகங்களைத் தேடும்போதுதான் சண்டை வருகிறது.