ஃபைபர் படகில் விடாப்பிடிக் கறையை எடுப்பது எப்படி

கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நீர்மட்டக் கோட்டில் மஞ்சள் பழுப்பாக ஒரு பட்டை இருக்கும், ஆணி, போல்ட்டைச் சுற்றித் துருவும் வழிந்திருக்கும். இதற்குக் கம்பி பிரஷ்ஷையோ இரும்பு நாரையோ தயவுசெய்து எடுக்காதீர்கள். மேலே இருக்கும் ஜெல்கோட் பூச்சே சுமார் அரை மில்லிமீட்டர்தான், அது கீறினால் அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும். போதாததற்கு இரும்பு நாரின் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, டீசல் பிசுக்கைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் எடுத்துவிடுங்கள். கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்னக் கடல் உயிரி) ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் தகட்டால் சாய்வாகத் தள்ளிச் சுரண்டுங்கள்.

அப்புறம்தான் முக்கிய வேலை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத் தூளைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, நிழலில், பஞ்சால் தடவி, பத்து நிமிடம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துருவில் உள்ள இரும்பை இது கரைத்து இழுத்துவிடும், தேய்க்கவே வேண்டியதில்லை. போகாவிட்டால் இன்னொரு முறை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இது விஷம், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

காய்ந்ததும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றி, நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் மெழுகு பூசுங்கள்.