வீட்டுக்கு நர்ஸ் வரும்போது: முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நர்ஸ் வரும் தேதி தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். அது வேண்டாம். வருபவர் உங்கள் வீட்டுக்கு மதிப்பெண் போட வரவில்லை. மருத்துவமனையில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாத சிலவற்றைப் பார்க்க வருகிறார்: குழந்தை எங்கே தூங்கப்போகிறது, பகலில் உங்களுடன் யார் இருக்கிறார்கள், மாத்திரை அட்டை நிஜமாகவே காலியாகிறதா. அன்றாடம் வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தால்தான் அவர் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தும்.

கர்ப்ப காலத்தில் சுகாதாரப் பணியாளரைக் குறைந்தது 8 முறையாவது சந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அவற்றில் சில வீட்டிலேயே நடக்கலாம். ஸ்கேனுக்கு மட்டும் நீங்கள்தான் போயாக வேண்டும்.

படி 1: போனிலேயே கேட்டுவிடுங்கள்

வருபவர் நர்ஸா, மருத்துவச்சியா, ஆலோசனை மட்டும் சொல்லும் பணியாளரா? இது முக்கியம். வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்க எல்லோருக்கும் பயிற்சி இருக்காது. எவ்வளவு நேரம் ஆகும், பிரசவத்துக்குப் பிறகும் வருவார்களா, ராத்திரியில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதையும் கேளுங்கள். கணவரும் வீட்டில் இருக்கும் நேரமாகக் கேட்டுப் பாருங்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

படி 2: எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அதில் இருக்கட்டும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரையோ மூலிகை மருந்தோ இருந்தால் அதையும் போடுங்கள். மறைக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். கேள்விகளைத் தோன்றும்போதே எழுதி வையுங்கள். “இதைப் போய்க் கேட்பதா?” என்று கூச்சப்பட வைக்கும் கேள்வி பட்டியலில் முதலில் வரட்டும்.

படி 3: பரிசோதனை

முதலில் பிரஷர். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். கை நெஞ்சின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். கதவைத் திறந்து, ஓடியாடி நாற்காலி போட்டு, உடனே கையை நீட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் எடுப்பார். அப்போதும் குறையாவிட்டால் டாக்டரிடம் அனுப்புவார்.

சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதையும் ஒரு சிறிய பட்டையை நனைத்துப் பார்ப்பார். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் தென்பட்டால் அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு டேப்பால் வயிற்றை அளப்பார். 24 வாரத்துக்கு மேல், இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை வாரம். இரண்டு கூடக்குறைய இருந்தால் கவலை இல்லை. கையடக்கக் கருவி இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும் கேட்கும். அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். உங்களுடையதைவிட வேகமாக ஓடுகிறதே என்று பதற வேண்டாம்.

படி 4: தனியாகப் பேச ஐந்து நிமிடம்

மனசு எப்படி இருக்கிறது, வீட்டில் யாராவது புகைக்கிறார்களா, குடிப்பழக்கம் உண்டா, யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல, எல்லோரிடமும் கேட்பதுதான். இதற்காகக் கர்ப்பிணியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸ் சொன்னால் வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவராகக் கேட்காவிட்டால், “குழந்தைக்கு எடுத்து வைத்த துணியைக் காட்டுகிறேன், வாங்க” என்று நீங்களே உள்ளறைக்குக் கூட்டிப் போகலாம்.

அப்பா ஆகப்போகிறவருக்கு ஒரு வார்த்தை: கதவைத் திறந்துவிட்டு நழுவ வேண்டாம். ராத்திரி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறவர் நீங்களும்தான்.

படி 5: தூங்கும் இடத்தைக் காட்டுங்கள்

இது சின்ன வேலை. அழுத்தமான, சமதளமான படுக்கை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் கூடாது. பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். யாரும் அங்கே புகைக்கக் கூடாது.

படி 6: பிரசவத்துக்குப் பிறகு

உண்மையில் வீட்டு வருகையின் அருமை தெரிவது இப்போதுதான். குழந்தை பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாட்களுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை என்று, முதல் 24 மணி நேரக் கவனிப்பு போக, குறைந்தது மூன்று சந்திப்புகளை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் வாரத்துச் சந்திப்பு வீட்டில் நடப்பது நல்லது என்கிறது.

துணியைக் கழற்றிக் குழந்தையை எடை போடுவார். எடை குறைந்திருக்கும். முதல் சில நாட்களில் குறைவது இயல்பு, பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பால் சரியாகப் போகிறதா என்று கூர்ந்து பார்ப்பார்.

தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் நர்ஸ் இருக்கும்போதே கொடுங்கள். “நல்லாத்தான் குடிக்குது” என்று வாயால் சொல்வது போதாது. அவர் பார்ப்பது இதைத்தான்: வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் பதிந்திருக்கிறதா, சப்பியபின் விழுங்கும் சத்தம் வருகிறதா. கன்னம் குழிந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் பிடிப்பு ஆழமாக இல்லை. குழந்தை வாயை எடுத்ததும் காம்பு உருண்டையாக இருக்க வேண்டும். சப்பையாக நசுங்கி இருந்தால், உங்கள் வலிக்குக் காரணம் அதுதான். விரலைக் குழந்தையின் வாயோரம் மெல்ல நுழைத்து விடுவித்து, மறுபடியும் பிடிக்க வைப்பது எப்படி என்று அவர் காட்டுவார். அவர் எதிரிலேயே நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

நனைந்த துணிகளின் எண்ணிக்கையும் கேட்பார். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு அல்லது அதற்கு மேல் நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது என்று கொள்ளலாம். கறுப்பாகப் போன மலமும் அதற்குள் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். தோலிலும் கண்ணிலும் மஞ்சள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார், அதனால் ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

அப்புறம் அம்மாவின் முறை. எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பதால் இது எளிதில் விட்டுப்போகும். பிரஷர், தையல், உதிரப்போக்கு, கால் வீக்கம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மனநிலையை அறிய ‘எடின்பரோ’ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைக் கொடுக்கலாம். கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் அதில் கேள்வி. நல்ல பெயர் வாங்க வேண்டிய பரீட்சை அல்ல அது. நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

படி 7: அடுத்த வருகைக்காகக் காத்திருக்கக் கூடாதவை

கர்ப்பத்தில்: உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல். அசைவு குறைந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு: ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், ஒரே காலில் வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல், வலிப்பு, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றும் எண்ணம். தலைவலியும் கண் மங்கலும் பிரசவம் முடிந்த பிறகும் ஆபத்துதான்.

குழந்தைக்கு: பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு வாங்குதல், உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், 36.5-க்குக் கீழே போய்ப் போர்த்தியும் ஏறாத குளிர்ச்சி, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரியும் மஞ்சள்.

இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்கு. நர்ஸ் கிளம்பும் முன் அவசர எண்ணை இருவரின் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். வலியில் இருப்பவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.