மக்கும் பாலியெஸ்டர் ரெசின்: ஆய்வகத்தில் சமைத்து, பூசி, மக்குகிறதா என்று பார்ப்பது வரை

மக்கும் பூச்சில் ஒரு முரண் உண்டு. தண்ணீரையும் அரிப்பையும் தாங்கி நிற்க வேண்டிய அதே ஈஸ்டர் பிணைப்புதான், வேலை முடிந்ததும் நுண்ணுயிரிகளிடம் உடைபடவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ரெசினைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்: பூச்சு எத்தனை மாதம் தாங்க வேண்டும்? கடைசியில் எங்கே போய்ச் சேரும்? தொழிற்சாலை உரக்கிடங்கின் 58 டிகிரி வெப்பம் ஒன்று, சாதாரண மண் வேறொன்று. பாலிலாக்டிக் அமிலத்தின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பம் (இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பம்) ஏறத்தாழ 60 டிகிரி. அதனால்தான் அது உரக்கிடங்கில் சில மாதங்களில் கரைந்துபோனாலும், மண்ணில் அப்படியே கிடக்கிறது. பாலிகாப்ரோலாக்டோன், சக்சினேட், அடிபேட் போன்ற மென்மையான அலிபாட்டிக் (பென்சீன் வளையம் இல்லாத) பாலியெஸ்டர்கள் மண்ணிலும் உடையும்.

கீழே உள்ளது கிளைத்த, ஹைட்ராக்சில் முனை கொண்ட ஒரு ரெசின். 1 லிட்டர் குடுவைக்கான அளவு:

சக்சினிக் அமிலம் – 177.1 கிராம் (1.5 மோல்)
அடிபிக் அமிலம் – 73.1 கிராம் (0.5 மோல்)
1,3-புரோப்பேன்டையால் – 140.8 கிராம் (1.85 மோல்)
கிளிசரால் – 27.6 கிராம் (0.3 மோல்)

அமிலக் குழுக்கள் 4.0 சமானம், ஹைட்ராக்சில் 4.6 சமானம். அதாவது ஹைட்ராக்சில் 15 சதவீதம் கூடுதல். ஜெல் ஆகுமா, அதாவது ரெசின் முழுவதும் ஒரே வலையாக இறுகிவிடுமா என்று கணிக்கும் கரோதர்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சராசரி வினைத்திறன் (ஒரு மூலக்கூறுக்கு வினைபுரியும் குழுக்கள்) 1.93 வருகிறது. அது 2-க்குக் கீழே இருப்பதால், வினை முழுவதும் நடந்து முடிந்தாலும் ஜெல் ஆகக் கூடாது. கிளிசராலைக் கூட்ட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மறுபடி போடாமல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். வினை முழுமையானால் வெளிவரும் தண்ணீர் 72 கிராம், கையில் நிற்கும் ரெசின் ஏறத்தாழ 346 கிராம்.

சமைத்தல்

இயந்திரக் கலக்கி, நைட்ரஜன் குழாய், வெப்பமானி, நிரப்பிய பத்தி, அதன் மேல் கண்டன்சர், அளவுக்குறியிட்ட சேகரிப்புக் குழாய் ஆகியவை வேண்டும். பத்தியின் உச்சியிலும் ஒரு வெப்பமானி கட்டாயம். இந்தச் சமையலை ஆள்வது அந்த வெப்பமானிதான்.

திரவங்கள் இரண்டையும் முதலில் ஊற்றி 90 டிகிரிக்குச் சூடாக்கி, அமிலங்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். நைட்ரஜன் நிமிடத்துக்கு 0.3 லிட்டர் போதும். 140–150 டிகிரியில் கலவை தெளிந்து தண்ணீர் வரத் தொடங்கும். நுரை பொங்குவதும் இங்கேதான். குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பாததற்கு இதுவே காரணம். பிறகு அரைமணிக்கு 10 டிகிரி என்ற வேகத்தில் 195 டிகிரி வரை ஏற்றவும். பத்தி உச்சி 100 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரோடு டையாலும் (புரோப்பேன்டையால்) கிளம்பிவிட்டது என்று பொருள்; உடனே வெப்பத்தைக் குறைக்கவும்.

ஐயம் இருந்தால் வடிந்த நீரை ஒளிவிலகல்மானியில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் 1.333, புரோப்பேன்டையால் 1.440. அளவீடு 1.345 என்றால் வடிநீரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக டையால் இருக்கிறது. அந்த எடையைக் குடுவைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் விகிதம் சரிந்து, கடைசியில் ஜெல் ஆகும் அபாயம் வரும். கண்டன்சர் கழுத்தில் வெள்ளைப் படிகம் படிந்தால் அது பெரும்பாலும் சக்சினிக் அன்ஹைட்ரைடு. அடைப்பாகும் முன் சூடேற்றி உள்ளே இறக்கிவிடுங்கள்.

65 கிராம் தண்ணீர் சேர்ந்த பிறகு 0.2 கிராம் டைட்டானியம் பியூடாக்சைடு சேர்க்கவும். முன்னதாகச் சேர்த்தால் தண்ணீரே அதை உடைத்து வீணாக்கிவிடும். தகர ஊக்கிகள் இதைவிட வசதியானவைதான், ஆனால் சில கரிமத் தகரச் சேர்மங்கள் உயிரினங்களுக்கு நஞ்சு. மக்க வேண்டிய பொருளில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. டைட்டானியம் கொஞ்சம் மஞ்சள் தட்டும், பொறுத்துக்கொள்ளலாம். பிறகு பத்தியை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிமிடத்துக்கு 1 லிட்டராக உயர்த்துங்கள்.

அரைமணிக்கு ஒருமுறை அமில எண் (1 கிராம் ரெசினில் மிஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) பார்க்கவும். 1 கிராம் ரெசினை டொலுவீன்–எத்தனால் கலவையில் கரைத்து, பினால்ப்தலீன் இட்டு, 0.1 நார்மல் ஆல்கஹால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க வேண்டும். கரைப்பான் மட்டும் எடுக்கும் அளவைக் கழித்த பின் 1.78 மி.லி. என்றால் அமில எண் 10. அங்கே நிறுத்தினால் ஹைட்ராக்சில் எண் (மிஞ்சிய ஹைட்ராக்சில் குழுக்களை அதே அலகில் சொல்லும் எண்) 105-ஐ ஒட்டி இருக்கும். கலக்கித் தண்டில் ரெசின் ஏறத் தொடங்கினால் ஜெல் நெருங்குகிறது. வெப்பத்தை இறக்கி, 8–10 கிராம் டையால் ஊற்றி வலையை வெட்டிவிடலாம். அதன்பின் ஹைட்ராக்சில் எண் மாறிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.

120 டிகிரிக்கு ஆறிய பின் வடிகட்டி, ஈரம் புகாத டப்பாவில் அடைக்கவும். அறை வெப்பத்தில் தேன் பதத்தில் இருக்கும். மிஞ்சிய அமிலமே ஈஸ்டரை உடைக்கும் ஊக்கி என்பதால், சேமிப்பில் அமில எண் ஏறிக்கொண்டே போனால் ஈரம் புகுந்திருக்கிறது. நீர்ச் சிதறலாக மாற்ற அமீன் சேர்த்து காரத்தன்மையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் விரைவாக வரும்.

கடினமாக்கிப் பூசுதல்

இந்த ரெசின் தனியாகப் பூசினால் ஒட்டிக்கொண்டே இருக்கும். குறுக்கிணைப்பு தேவை. அலுமினியத் தகடு போன்ற வெப்பம் தாங்கும் பரப்புக்கு நீரற்ற சிட்ரிக் அமிலம் ஏற்றது: 100 கிராம் ரெசினுக்கு 12 கிராம். சிட்ரிக் அமிலத்தை 40 கிராம் எத்தனாலிலும், ரெசினை 60 கிராம் எத்தில் அசிடேட்டிலும் கரைத்துக் கலந்து, அன்றே பயன்படுத்துங்கள். 30 மைக்ரான் ஈரப் படலம் காய்ந்து ஏறத்தாழ 13 மைக்ரான் ஆகும். 15 நிமிடம் திறந்த காற்றில், 10 நிமிடம் 100 டிகிரியில், பிறகு 45 நிமிடம் 160 டிகிரியில். எத்தில் அசிடேட் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமுள்ள அடுப்பு இல்லாவிட்டால் இதைத் தொடங்கவே வேண்டாம். படலத்தைத் தடிமனாக்கினால் வினையில் வரும் தண்ணீர் வெளியேற வழியின்றிக் குமிழாக நிற்கும். தடிமன் வேண்டுமானால் இரண்டு முறை பூசுங்கள்.

காகிதத்துக்கு இந்த முறை ஒத்துவராது; அமிலமும் வெப்பமும் சேர்ந்து செல்லுலோஸை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். ஐசோசயனேட் வகைக் கடினமாக்கியான எச்டிஐ டிரைமரை 100 கிராம் ரெசினுக்கு 37 கிராம் வீதம் சேர்த்தால் 80 டிகிரியிலேயே கடினமாகும். அதற்கு ரெசினின் அமில எண் 5-க்குக் கீழே வர வேண்டும், இல்லையேல் கார்பன் டைஆக்சைடு குமிழ்கள். அதைவிடப் பெரிய தடை வேறு: படலத்தில் கால் பங்குக்கு மேல் ஐசோசயனேட் வலை வந்துவிடுகிறது, அது எளிதில் மக்காது. மக்கும் பொதியுறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13432-இன்படி பொருளின் உலர் எடையில் 1 சதவீதத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு கரிமக் கூறும் மக்கும் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். காகிதத்துக்கு, அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிபியூட்டிலீன் சக்சினேட்டை உருக்கிப் படலமாக ஏற்றுவதே எங்கள் பரிந்துரை.

சோதனை

கடினமானதா என்று அறிய, உரித்த படலத்தை எடை பார்த்து 24 மணி நேரம் அசிட்டோனில் ஊறவைத்து உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். 85 சதவீதத்துக்குக் குறைவாக மிஞ்சினால் சுடுவது போதவில்லை. ஒட்டுதலுக்கு ஐஎஸ்ஓ 2409 குறுக்குவெட்டுச் சோதனை (படலத்தில் கட்டம் கட்டமாகக் கீறி, உரிகிறதா என்று பார்ப்பது). மக்குதல் சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலத்தை 8 கிராமாகக் குறைத்து வலையைத் தளர்த்தலாம்; அதற்கு விலையாகக் கடினமும் கரைப்பான் எதிர்ப்பும் குறையும்.

மண்ணில் புதைத்து எடை குறைந்ததைக் காட்டி 'மக்கியது' என்று சொல்லிவிடக் கூடாது. படலம் துண்டாகி மண்ணோடு கலந்தாலும் எடை குறையும். வெளிவரும் கார்பன் டைஆக்சைடை அளக்கும் ஐஎஸ்ஓ 14855 உரக்கிடங்குக்கு, ஐஎஸ்ஓ 17556 மண்ணுக்கு. ஆய்வகத்தில் விரைவாக வகைகளை ஒப்பிட, 37 டிகிரியில் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் ஈஸ்டர் பிணைப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதியோடு ஒரு படலம், நொதியில்லாமல் ஒரு படலம் என்று இணையாக வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு எடை குறைந்தால் நடந்தது வெறும் நீராற்பகுப்பு அல்லது கடினமாகாத ரெசின் கசிந்தது, நொதியின் வேலை அல்ல.