சாலை ஓரக்கற்களைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் ஓரக்கல் உடைந்தால் முதலில் கண்ணில் படுவது அழகுக்கேடுதான். ஆனால் அந்தக் கல்லின் முக்கிய வேலை, மழைநீரைச் சாலையோரமாகவே நடத்திக் கொண்டுபோய் வடிகாலில் சேர்ப்பது. தார் விளிம்பு சரியாமல் தாங்குவதும், வண்டி நடைபாதையில் ஏறாமல் தடுப்பதும் அதன் வேலைதான். நகர நிர்வாகம் இதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால், செலவழித்த பணம் சில மழைக்காலங்களிலேயே வீணாகிவிடும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, வேலைகளின் வரிசையை மாற்றுவது. முதலில் மண்ணுக்கடியில் உள்ள குழாய், கேபிள் வேலைகள், அப்புறம் ஓரக்கல், கடைசியில்தான் தார். புதுத் தார் போட்ட பிறகு கல்லை மாற்ற வேண்டுமானால் தாரின் விளிம்பை வெட்டியாக வேண்டும். பிறகு எவ்வளவு கவனமாக அடைத்தாலும், அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கும் வாய்ப்பு இருக்கிறது.

தாரோடு வரும் இன்னொரு சிக்கல், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவது. பொதுவாக ஓரக்கல் சாலையிலிருந்து சுமார் 150 மி.மீ. உயரம் தெரியும்படி வைக்கப்படும். 50 மி.மீ. கனத்தில் இரண்டு முறை தார் ஏறினால் மிஞ்சுவது வெறும் 50 மி.மீ. அந்த உயரத்தில் தண்ணீரும் நடைபாதைக்கு ஏறும், சக்கரமும் ஏறும். சக்கரம் ஏறி ஏறிக் கல் உடைகிறது. உடைந்த கல்லை மட்டும் மாற்றிவிட்டுச் சாலை மட்டத்தை விட்டுவிட்டால், புதுக் கல்லுக்கும் அதே கதிதான்.

கல் ஏன் உடைந்தது என்று கேட்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம், மரவேர் தூக்கியிருக்கலாம். குளிர் நாடுகளில் காங்கிரீட்டுக்குள் புகுந்த நீர் உறைந்து விரிவதும், பனி உருகத் தூவும் உப்பும் அதைச் சிதைக்கும். வேர்தான் காரணம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். பருத்த வேரை இழந்த மரம் காற்றில் சாயக்கூடும். மரங்களை அறிந்தவரைக் கேட்டு, கல்லின் பாதையைச் சற்று வளைக்க முடியுமா என்று பார்க்கலாம்.

நொறுங்கிய இடத்தில் மெல்லியதாகச் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடிப்பதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்க முடியாது. அந்தப் பூச்சு சீக்கிரமே பெயர்ந்து வரும். கெட்டியான பகுதி வரை நேராக அறுத்து எடுத்துவிட்டு, ஒரு இணைப்பிலிருந்து (ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடம்) அடுத்த இணைப்பு வரை புதிதாக வார்ப்பதுதான் நிற்கும். அடித்தளத்தை நன்றாக இறுக்க வேண்டும். கல்லின் பின்பக்கத்தையும் மண் நிரப்பி இறுக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதுக் காங்கிரீட்டில் சுமார் 3 மீட்டருக்கு ஒரு இணைப்பு விட்டு, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருங்கல்லாக இருந்தால் உடைத்துத் தூக்கிப்போட வேண்டாம். சாய்ந்திருந்தாலும் கல் நன்றாக இருந்தால் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம்.

மட்டம் பார்க்காமல் ஒரு வீட்டு முன்னால் மட்டும் கல்லை உயர்த்தினால், தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் தேங்கும். நீர் ஓட 100 மீட்டருக்கு அரை மீட்டராவது சரிவு தேவைப்படும். அதனால் தெருவின் இரு முனைகளுக்கும் இடையே மட்டம் எடுத்த பிறகே கல்லைத் தொட வேண்டும்.

தெருமுனைகளில் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுப்பாதையை அமைக்காமல் விடுவது மன்னிக்க முடியாதது. 12-க்கு 1 என்ற சரிவில், 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. அதன் அடிவிளிம்பு சாலையோடு படிந்திருக்க வேண்டும். சின்னப் படி ஒன்று இருந்தாலே சக்கர நாற்காலியின் முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். ஓரக்கல்லை எப்படியும் உடைக்கிறோம், அப்போதே இதையும் செய்துவிட்டால் செலவும் குறையும்.

எந்தத் தெருவை முதலில் எடுப்பது? புகார் வந்த வரிசையில் போனால், புகார் கொடுக்கத் தெரிந்தவர்களின் தெருதான் முதலில் சரியாகும். எல்லாத் தெருக்களையும் ஒருமுறை நடந்து பார்த்து, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுப்பதே நியாயம்.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று: கார் ஏறுவதற்காக ஓரக்கல்லை ஒட்டி நீரோடும் இடத்தில் சிமெண்ட் கொட்டி மேடு கட்டாதீர்கள். மேலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் அங்கே தடைபடும். வாசல் வழி வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே நிர்வாகத்திடம் கேட்டு அந்த இடத்தில் கல்லைத் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள்.