கான்கிரீட் தளத்தில் விரிசலைக் கட்டுப்படுத்த இணைப்பு வெட்டும் முறை

கான்கிரீட் இறுகிக் காயும்போது சுருங்குகிறது. அடியிலுள்ள சரளைப் படுகை அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்வதால் தளம் எங்காவது வெடித்தே தீரும். அந்த வெடிப்பை நாம் குறித்த நேர்கோட்டில், வெட்டுக்கு அடியில் நிகழச் செய்வதே இணைப்பு வெட்டுவதன், அதாவது தளத்தின் மேற்பரப்பில் இயந்திரத்தால் நீண்ட பள்ளம் (காடி) அறுப்பதன், நோக்கம்.

வெட்டுகளுக்கு இடையிலான தூரம் தளத்தின் கனத்தைப் போல 24 முதல் 30 மடங்குக்குள் இருக்கட்டும், 150 மி.மீ. கனத்துக்கு இது 3.6 முதல் 4.5 மீட்டர். கட்டங்கள் இயன்றவரை சதுரமாக அமைய வேண்டும். வெட்டின் ஆழம் கனத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது.

நேரத்தைக் கணிப்பதே உண்மையில் கடினமான பகுதி. தண்ணீர் ஊற்றி வெட்டும் வழக்கமான இயந்திரத்துக்குப் பெரும்பாலும் கான்கிரீட் போட்ட 4 முதல் 12 மணி நேரத்துக்குள் வாய்ப்பு அமையும் என்றாலும், வெயிலும் காற்றும் அதை வெகுவாகச் சுருக்கிவிடும் என்பதால், கடிகாரத்தைவிட வெட்டின் விளிம்பையே நம்புவது நல்லது. ஓரத்தில் சிறிது வெட்டிப் பாருங்கள்: ஜல்லி பெயர்ந்து விளிம்பு உதிர்ந்தால் பொறுத்திருக்க வேண்டும், பிளேடு ஜல்லியையும் சேர்த்து அறுத்துச் சென்றால், இரவானாலும் உடனே தொடங்கிவிட வேண்டும். பிளேடுக்கு முன்னே விரிசல் ஓடினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அந்த வெட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆள்நுழை குழிகளின் மூலைகளிலிருந்து விரிசல் கிளம்பும் என்பதால் வெட்டுக்கோடு அவற்றைத் தொட்டுச் செல்லுமாறு திட்டமிடுங்கள். வெட்டும்போது உண்டாகும் குழம்பைக் காய்வதற்குள் கழுவிவிட்டு, பின்னர் காடி நன்கு உலர்ந்ததும் அதை அடைக்கும் சீலன்ட் இடலாம்.